என் பக்கத்துத் தண்ணீர்

மன்னிக்க வேண்டும் தம்பி. அடுத்தவர் செல்போனை எட்டிப் பார்ப்பது என் வழக்கம் இல்லை. ஏறியதிலிருந்து முன்சீட்டுக் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் அந்தப் படத்தை மூன்று தடவை ஓட்டிவிட்டீர்கள். முதல் இரண்டு தடவை அடக்கிக்கொண்டேன். மூன்றாவது தடவை கண் அங்கே போய்விட்டது.

விமானம் தீப்பிடித்துவிட்டது என்றுதானே நினைத்தீர்கள்? எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். தீ இல்லை தம்பி. அது மரியாதை. பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு தீயணைப்பு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி. இரண்டும் தண்ணீரை வளைத்து மேலே அடிக்கும். நடுவானில் இரண்டும் கைகோத்த மாதிரி நிற்கும். விமானம் அதன் அடியில் நனைந்துகொண்டே போகும். புதுசாக ஒரு கம்பெனி விமானம் விட்டால் செய்வார்கள். ஒரு கேப்டன் கடைசித் தடவையாக ஓட்டி வந்தால் செய்வார்கள். அந்தத் தண்ணீரை விட்டவன் நான். இருபத்தொன்பது வருஷம் ஏர்போர்ட் தீயணைப்பில் பம்ப் ஆபரேட்டர். எந்த ஏர்போர்ட் என்று மட்டும் கேட்காதீர்கள். நாலு மாதமாகப் பென்ஷன் வாங்குகிறவன்.

இருபத்தொன்பது வருஷத்தில் உண்மையான தீ ஒன்றே ஒன்று பார்த்தேன். அதுவும் சக்கரத்தில், கையகலம். தண்ணீர் மரியாதை நாற்பத்தாறு. நாற்பத்தாறும் தேதியோடு மனப்பாடம். படிப்பு பத்தாவதுதான், அதையும் இரண்டாம் தடவையில்தான் பாஸ் செய்தேன். ஆனால் எண்ணிக்கையில் தப்புவதில்லை. நாற்பத்தாறாவதுதான் கடைசி. அதற்குப் பிறகு என்னைப் பம்ப் பக்கம் விடவில்லை.

நான் இப்படி யாரிடமும் பேசுகிறவன் இல்லை. இன்றைக்குக் காலையிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. கேட்க விருப்பம் இல்லாவிட்டால் சொல்லிவிடுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

சரி.

அந்த வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. வண்டியின் கூரைமேல் குழாய் ஒன்று இருக்கும், பீரங்கி என்போம். நான் திறந்ததும் தண்ணீர் முழு உயரத்துக்குப் போய்விடாது. எட்டு வினாடி வேண்டும். விமானத்தின் மூக்கு வளைவுக்கு அடியில் வரும்போது உத்தரவு கொடுத்தால், வால் போன பிறகுதான் தண்ணீர் நிமிரும். அதனால் எங்கள் ஸ்டேஷனில் ஒரு பழக்கம். பாதையோரம் மஞ்சள் பலகை இருக்கும். இரண்டாவது பலகையை மூக்குச் சக்கரம் தாண்டினால் திறந்துவிட வேண்டும். யாரும் சொல்லக் காத்திருக்கக்கூடாது. ஆபீசர் கையில் சிவப்புக் கொடி இருக்கும். அது திறக்கச் சொல்வதற்கு இல்லை, வேண்டாம் என்பதற்கு. கொடி ஏறவில்லை என்றால் சம்மதம் என்று அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பக்கம் திறந்து மறு பக்கம் திறக்காமல் இருக்கவே கூடாது. ஒரு தடவை நான் சேர்ந்த புதிதில் அப்படி ஆகிவிட்டது. எதிர்வண்டியில் பம்ப் நின்றுவிட்டது. என் பக்கத்துத் தண்ணீர் மட்டும் போய் விமானத்தின் முகத்தில் விழுந்தது. துப்பின மாதிரி இருந்தது தம்பி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு எடுத்த முடிவுதான், எது போனாலும் வளைவு பாதியில் நிற்கக்கூடாது.

நாற்பத்தாறாவது ஒரு கேப்டனுக்கு. முப்பத்தாறு வருஷம் ஓட்டியவர். எங்கள் மாவட்டத்துக்காரர். கடைசி விமானத்தைச் சொந்த ஊரில்தான் இறக்குவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறார். பெண்சாதியும் இரண்டு மகள்களும் அதே விமானத்தில். சாயங்காலம் நாலு பத்துக்கு வர வேண்டும். தெற்குப் பக்கம் என் வண்டி. வடக்குப் பக்கம் அருளப்பன் வண்டி. அருளப்பன் எனக்குப் பதினோரு வயது இளையவன். பதினான்கு வருஷம் என் எதிரில் நின்று தண்ணீர் விட்டவன். அந்த மாதம் அவனுக்குப் பதவி உயர்வு வருவதாக இருந்தது.

எந்த விமானம் என்று உத்தரவுச் சீட்டில் அதன் பதிவெழுத்து, வண்டி நம்பர் மாதிரி, இருக்கும். நான் அதை இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வேன். அருளப்பன் கேலி செய்வான். "என்னண்ணே, பரீட்சைக்குப் பிட்டு எழுதுறீங்களா?" என்பான். விமானத்தின் மூக்குச் சக்கரத்துக் கதவில் அதே எழுத்து இருக்கும். எல்லாரும் நிறத்தைப் பார்ப்பார்கள். நான் எழுத்தைப் பார்ப்பேன்.

அன்றைக்கு மேகம். கேப்டனின் விமானத்தை மேலேயே சுற்றச் சொல்லிவிட்டார்கள். அதே கம்பெனியின் வளைகுடா விமானம் ஒன்று, நாலு ஐம்பதுக்கு வர வேண்டியது, பின்காற்றில் முன்னதாக வந்து இறங்கிவிட்டது. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். முதலில் வருவது வேறு விமானம் என்று டவர்காரர்கள் வாக்கி-டாக்கியில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஆபீசர் கங்காதரன் சாருடைய வாக்கி-டாக்கி ஜீப் சீட்டில் கிடந்தது. சார் முதுகைக் காட்டிக்கொண்டு, பூச்செண்டை எந்தக் கையில் பிடிப்பது என்று கம்பெனிப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த விமானம் ஓடுபாதையிலிருந்து எங்கள் பக்கம் திரும்பி வந்தது. இரண்டாவது பலகையைத் தாண்டியது. கொடி ஏறவில்லை. அருளப்பன் திறந்துவிட்டான். பழக்கப்படி அவன் செய்தது சரி.

நான் கதவில் இருந்த எழுத்தைப் படித்தேன். என் உள்ளங்கையில் இருந்தது வேறு. இது அந்த விமானம் இல்லை.

எட்டு வினாடி என்று சொன்னேன் அல்லவா? அதில் மூன்று போய்விட்டது. வடக்கிலிருந்து தண்ணீர் ஏறி வருகிறது. தனியாக வருகிறது. கத்தினால் கேட்காது. நான் திறந்தேன்.

தெரிந்தே திறந்தேன் தம்பி. பாதியில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். வேறு யோசனை எதுவும் அப்போது இல்லை.

சுத்தமான வளைவு. நாற்பத்தாறில் அந்த மாதிரி மூன்று தடவைதான் அமைந்தது. வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, உங்கள் படத்தில் இருக்கிற மாதிரி வானவில் கூட விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் நம் ஆட்கள். கம்பி கட்டுகிறவர்கள், சாரம் கட்டுகிறவர்கள், ஆட்டுப்பண்ணையில் வேலை பார்த்தவர்கள். படியில் இறங்கும்போதே ஒருவர் மூட்டை ஏற்றுகிற பையனிடம் கேட்டாராம், "எதுக்கு தம்பி தண்ணி?" அவனும் சும்மா இருக்காமல், "நீங்க ஊருக்கு வந்ததுக்குத்தாண்ணே" என்றிருக்கிறான். இறங்கினவர்கள் கைதட்டினார்கள். எங்களைப் பார்த்துக் கும்பிட்டவர்களை நான் எண்ணினேன். பதிமூன்று பேர்.

இரண்டு வண்டியும் உடனே தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும், அது சட்டம். தண்ணீர் குறைந்த வண்டியை வைத்துக்கொண்டு விளையாட முடியாது. இருபத்திரண்டாவது நிமிஷம் கேப்டன் வந்தார். நாங்கள் குழாயடியில் நின்றோம். காய்ந்த பாதையில் அவருடைய விமானம் வந்தது. எங்கள் ஸ்டேஷனைத் தாண்டும்போது ஜன்னலைத் திறந்து கையை அசைத்தார். கோபத்தில் அசைத்தாரா, சும்மா அசைத்தாரா, தெரியாது. இரண்டாவது மகள் படம் எடுக்க ஜன்னலோரமே உட்கார்ந்து வந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அன்றைக்கே விசாரணை. விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அருளப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, டவர் தகவல் எங்க காதுக்கு வரலன்னு ரெண்டு பேரும் எழுதிருவோம். அதுக்கு மேல ஒரு எழுத்து வேண்டாம். பொய் இல்லண்ணே, நெசமாவே வரலல்ல?"

"டவர் சொல்லுச்சு. நம்ம காதுக்கு வரலங்கிறது வேற அருளப்பா."

"அண்ணே, ஒங்க நாக்குல தராசு கட்டிப் போட்டிருக்கா? எம்மக பன்னெண்டாவது படிக்கிறாண்ணே. இந்த வருஷம் என்னை எங்கயாச்சும் தூக்கி அடிச்சா..."

நான் பதினொரு வரி எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். முதலில் திறந்தது அருளப்பன் என்று மூன்றாவது வரி. ஆபீசர் முதுகைக் காட்டி நின்றார் என்று ஏழாவது வரி. தவறான விமானம் என்று தெரிந்தும் நான் திறந்தேன் என்று ஒன்பதாவது வரி. கங்காதரன் சார் ஏழாவது வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். எடுத்தால் பத்து வரிதான் இருக்கும், நான் பதினொன்று என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் சார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அருளப்பனை வடகிழக்கில் ஒரு மலையூர் ஏர்போர்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பதவி உயர்வும் போனது. கிளம்புகிற அன்று எல்லாருக்கும் டீ வாங்கினான். எட்டுப் பேர் இருந்தோம். ஏழு கிளாஸ் வந்தது. எண்ணாமல் இருந்திருக்கலாம். எண்ணிவிட்டேன்.

நான் என்ன பொய்யா எழுதினேன்? ஒரு பொய் இல்லை. என்மேல் இருந்த தப்பையும் சேர்த்துத்தானே எழுதினேன்? அவனுக்கு என்ன கோபம் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

எனக்கு ஒரு மெமோ. பம்ப்பிலிருந்து இறக்கி, தகவல் அறையில் டெலிபோன் முன்னால் உட்கார வைத்தார்கள். நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. சொல்ல வந்தது அந்த அம்மாவை.

அந்த விமானத்தின் அடிவயிற்றில் ஒரு பெட்டி வந்திருக்கிறது தம்பி. பெட்டி என்றால் புரிகிறதல்லவா? சரக்கு வாசல் வழியாக மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். அந்த வருஷம் அதுவரைக்கும் பதினாறு. இது பதினேழு. வாங்கிப் போக வருகிறவர்கள் கம்பி வேலிக்கு வெளியே ஆம்புலன்ஸோடு நிற்பார்கள். அவர்களுக்கெல்லாம் மரியாதை செய்யச் சொல்லி உத்தரவு எதுவும் வராது. வந்தால் செய்திருப்போம். வரவில்லை.

சம்பவம் நடந்து பத்தொன்பதாம் நாள். தகவல் அறை ஜன்னலில் ஒரு அம்மா வந்து நின்றது. நாற்பத்தைந்து வயது இருக்கும். பேர் சீனியம்மாள் என்று வருகைப் பதிவேட்டில் எழுதச் சொன்னது, ஊரும் சொன்னது. கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம்.

"அன்னைக்குத் தண்ணி விட்டது யாரு சார்? அவுகளப் பாக்கணும்."

"நான்தாம்மா. என்ன விஷயம்?"

அப்படியே கும்பிட்டது. எனக்குக் கூச்சமாகிவிட்டது. எழுந்து நின்றேன்.

பெட்டியில் வந்தது அந்த அம்மாவின் தம்பி, பூமிராஜன். சாரத்திலிருந்து விழுந்து இறந்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தகப்பனாரிடம் சொல்லாமல் கொள்ளாமல் வளைகுடாவுக்குப் போய்விட்டாராம். பிறகு தாயார் இறந்தபோது லீவு கிடைக்காமல் வரவில்லை. அன்றையிலிருந்து தகப்பனார் போனில் கூட மகனோடு பேசவில்லை. ஆறு வருஷம். செத்த செய்தி வந்தபோதும் ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். "ஆத்தாளுக்கு வராதவன் எனக்கு எதுக்கு?" என்றாராம். கொள்ளி வைக்கவும் மாட்டேன், அக்கா மகன் வைக்கட்டும் என்றாராம்.

"வேலிக்கு வெளிய நின்னு பாத்தேன் சார். ரெண்டு பக்கமும் வண்டி நிறுத்தித் தண்ணி வுட்டீக. அங்கனயே அப்பாவுக்குப் போன் போட்டேன். 'அப்பா, தம்பிய மரியாத பண்ணி எறக்குறாகப்பா'ன்னேன். மனுசன் ஒண்ணும் பேசல. நாங்க ஊருக்குள்ள போறப்ப, வண்டி திரும்புற எடத்துல துண்டு இல்லாம நிக்கிறாரு சார். அவருதான் கொள்ளி வச்சாரு."

அந்த அம்மா அதோடு நிறுத்தவில்லை.

"இப்ப டீக்கடையில ஒருத்தன் கெளப்பி வுட்டுட்டான் சார். 'அது யாரோ பைலட்டுக்கு வுட்ட தண்ணி, ஒம்மகனுக்கு எவன் வுடுவான்?'னு. அப்பா ரெண்டு நாளா சாப்புடல. நேர்ல போயி கேட்டுட்டு வான்னாரு. ஒரு தாளு எழுதிக் குடுங்க சார், சீலு வச்சு. இல்லாட்டி வாயால ஒரு வார்த்த சொல்லுங்க, நான் போயி சொல்லிக்கிறேன்."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஆமாம் என்று சொல்லியிருப்பீர்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் முகத்தில் தெரிகிறது. எனக்கு அது வராது தம்பி. நான் விளக்கமாகச் சொன்னேன். மேகத்தைச் சொன்னேன், பின்காற்றைச் சொன்னேன், இரண்டு விமானமும் ஒரே நிறம் என்பதைச் சொன்னேன். கேப்டனுக்கு விட வேண்டியது, தவறிப்போய் இந்த விமானத்துக்கு விட்டுவிட்டோம் அம்மா, உங்கள் தம்பி உள்ளே இருந்ததே எங்களுக்குத் தெரியாது என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கூடக் கேட்டேன்.

சீனியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. பிறகு சொன்னது.

"தீய அணைக்கிற ஆளுகதான சார் நீக. அதான் எங்க வீட்டுல ஒண்ணு லேசா எரிஞ்சுக்கிட்டு இருந்தது, அதையும் வந்து அணைச்சுட்டீக."

பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டது. பன்னிரண்டு பழம். யாரும் தொடவில்லை. கறுத்துப் போனது.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் டெலிபோன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளைக்கு ஏழு எட்டு போன் வரும். மிச்ச நேரம் எல்லாம் சும்மா. சும்மா இருக்கிறவனுக்கு யோசனைதானே வேலை? நான் வருத்தப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் சொன்னது உண்மை. உண்மையைச் சொல்லிவிட்டு வருத்தப்பட என்ன இருக்கிறது? ஆனால் ஒரு இடத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. எங்கே என்று தெரியவில்லை. கூட்டல் சரியாக வராத மாதிரி.

ஓய்வு பெற்ற பிறகு, போன வாரம், வீட்டில் என் டிரங்குப் பெட்டியை ஒழுங்கு பண்ணும்போது அந்த மெமோ கையில் கிடைத்தது. படித்தேன். 'மேற்படி வளைகுடா விமானத்துக்கு, அது உரிய விமானம் அல்ல என்று அறிந்தும், உத்தரவு ஏதும் இன்றி, தாங்களாகவே தண்ணீர் மரியாதை செலுத்தியுள்ளீர்கள்.' கீழே சீல், கையெழுத்து, தேதி.

அப்போதுதான் தம்பி எனக்குப் பிடிபட்டது. அருளப்பன் திறந்தது தவறுதல். அவன் கேப்டன் என்று நினைத்துத் திறந்தான். நான் அப்படி இல்லை. கேப்டன் இல்லை என்று தெரிந்துதான் திறந்தேன். தெரிந்து செய்தது எப்படித் தவறுதல் ஆகும்? என் பக்கத்துத் தண்ணீர் கேப்டனுக்கு விட்டது இல்லை. அந்த விமானத்துக்கு விட்டது. அதில் வந்தவர்களுக்கு விட்டது. பூமிராஜனும் அதில் வந்தவர்தானே? அப்படியானால் அந்த அம்மாவிடம், தவறிப்போய் விட்டுவிட்டோம் என்று நான் சொன்னதே பிசகு. பாதிக்குத்தான் அது சரி. பாதிக்குப் பொய். இருபத்தொன்பது வருஷத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான் போலிருக்கிறது. திருத்த வேண்டாமா? அதற்காகத்தான் இன்றைக்கு அந்த ஊருக்குப் போனேன். வேறு எதற்காகவும் இல்லை. ஒரு பிசகைத் திருத்த.

மெயின் ரோட்டில் இறங்கி இரண்டரைக் கிலோமீட்டர் நடை. வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சீனியம்மாள் வாசலில் வற்றல் மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து வந்து, வாங்க என்று சொல்லாமல், வாசலை மறித்துக்கொண்டு நின்றது.

"எதுக்கு சார் வந்தீக?"

"உங்க அப்பாவைப் பாக்கணும்மா."

"வேண்டாம் சார். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், இப்படியே திரும்பிப் போயிருங்க."

"ஒரு விஷயம் அன்னைக்குச் சரியாச் சொல்லல. அதைச் சரியாச் சொல்லிட்டு..."

"நீக சரியாச் சொல்லுவீகன்னுதான் சார் பயமா இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டது. "அன்னைக்கு நீக சொன்னத நான் பஸ் ஸ்டாண்டுலயே வுட்டுட்டு வந்துட்டேன். 'தம்பிக்குத்தாம்பா வுட்டாக, நான் கேட்டுட்டேன்'னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். மூணு வருசமா அத வச்சுத்தான் மனுசன் ஓடிக்கிட்டு இருக்காரு. டீக்கடையில கதையா சொல்றாரு. இப்ப நீக உள்ள போயி மேகம், காத்துன்னு ஆரம்பிச்சீகன்னா..."

மெமோவை எடுத்துக் கொடுத்தேன். என்ன தாள் என்று கேட்டது. படித்துக் காட்டினேன்.

"சீலு இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப தாளோட நிறுத்திக்கங்க. தாளு பேசும். நீக பேச வேண்டாம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு தாயி அது?"

சீனியம்மாள் பதில் சொல்வதற்குள் பெரியவர் வந்துவிட்டார். எண்பது இருக்கும். நல்ல உயரம். கண் மட்டும் மங்கல். அந்த அம்மா வேறு வழியில்லாமல், "ஏர்போர்ட்டுல இருந்து வந்திருக்காகப்பா" என்றது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, விமானம் எரிந்திருந்தால் கூட நான் அப்படிப் பயந்திருக்க மாட்டேன்.

பெரியவர் கிட்டத்தில் வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"எம்மகனுக்குத் தண்ணி வுட்டது நீகதானா?"

"பாதி நான்தாங்கய்யா."

சீனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டது.

"பாதியா?"

"ரெண்டு வண்டிங்கய்யா. தெக்குப் பக்கம் நான்."

"சரி. கேக்கணும்னே இருந்தேன். மேல இருந்து யாரும் வுடச் சொல்லி வுட்டீகளா, நீகளா வுட்டீகளா?"

இதற்கு மட்டும் எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை தம்பி. "என் பக்கம் நானா விட்டதுங்கய்யா. உத்தரவு இல்ல. அதுக்காக மெமோ கூடக் குடுத்தாங்க. இந்தா இருக்கு."

பெரியவர் தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். சீல் இருந்த இடத்தில் விரல் நின்றது.

"சொல்லி வுட்டிருந்தா அது கவர்மெண்டுத் தண்ணி. நீகளா வுட்டதுன்னா அது வேற." மகளைப் பார்த்து, "ஏத்தா, இத நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே?" என்றார். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

எல்லாம் அதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக வந்திருப்பேன். முடியவில்லை. மோர் குடிக்கும்போது கேட்டார்.

"வடக்குப் பக்கத்துக்காரரு? அவரும் அவராத்தான் வுட்டாரா?"

என்ன சொல்வேன்? இல்லை, அவன் ஆள் தெரியாமல் விட்டான் என்பதுதான் உண்மை. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சீனியம்மாள் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரிகிறது, மூச்சு கேட்கிறது. ஆமாம் என்று பொய் சொல்லவும் எனக்கு வராது.

"அத அவருதாங்கய்யா சொல்லணும்" என்றேன்.

"நியாயம்தான்" என்றார். "அப்ப அவரையும் கூட்டிட்டு வாங்க. நீக மட்டும் வந்தது ஒத்தக் கையால கும்பிட்ட மாதிரி இருக்கு. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு, ஒரு வாய் சோறு போடணும். எனக்கும் நாள் கம்மி."

கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். வழியனுப்ப வந்த சீனியம்மாள் கொஞ்ச தூரம் கூடவே நடந்தது. பிறகு மெதுவாகக் கேட்டது.

"அவரும் ஒங்கள மாதிரிதானா சார்?"

"இல்லம்மா. அவன் நல்லவன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அருளப்பன் போன வருஷமே திரும்பி வந்துவிட்டான். அவன் மகள் பன்னிரண்டாவது பரீட்சையில் ஒரு பாடத்தில் தவறிப்போய், பிறகு எழுதிப் பாஸ் செய்ததாகக் கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. மூன்று வருஷமும் ஐந்து மாதமும் ஆகிறது, ஒரு வார்த்தை பேசி. இப்போது நான் அவன் வாசலில் போய் நிற்க வேண்டும். நின்று என்ன கேட்க வேண்டும் தெரிகிறதா? அன்றைக்கு அவன் என்னிடம் கேட்ட அதே உதவியை. நடந்ததில் ஒரு துண்டைச் சொல்லாமல் விட்டுவிடு அருளப்பா என்று. ஒரு பெரியவர் முன்னால் வந்து உட்கார்ந்து, ஆமாங்கய்யா என்று ஒரு வார்த்தை சொல் என்று. அவன் உள்ளே கூப்பிடாவிட்டால் நியாயம்தான். கதவைச் சாத்தினாலும் நியாயம்தான். ஒருவேளை தராசு கொண்டுவந்தீர்களா என்று கேட்பான். கேட்கட்டும்.

கண்டக்டர் என்ன சொன்னார், பாலிடெக்னிக் ஸ்டாப்பா? கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள் தம்பி. இல்லை, என் ஊர் இல்லை. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன், இன்னும் நாலு ஸ்டாப் இருக்கிறது. பரவாயில்லை. அவன் வீடு இங்கேதான், இரண்டாவது தெரு. நின்றுகொண்டே யோசித்தால் பஸ் கிளம்பிவிடும்.

கண்டக்டர், இறங்க ஆள் இருக்கு!